ஒருத்தர் விடாமல் எல்லாரும் பாஸ்

செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் நடக்கிற தூரம்தான். முழங்கால் வலி வந்த பிறகு அந்தத் தூரமும் நீண்டுவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் நின்று, எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிக்கொள்வேன். போன வாரம் அப்படி நின்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் புது பேனர். பிள்ளைகளின் முகங்கள் வரிசை வரிசையாக இருந்தன. நடுவில் பெரிய எழுத்தில் நூறு சதவீதம் தேர்ச்சி. என்னோடு வந்த கஸ்தூரி அதைப் படித்துவிட்டு ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு அது வெறும் வம்பாகத்தான் தெரியும்.

வெயிலில் காயும் புது பேனருக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? மூக்கின் உள்ளே போய்க் குத்தும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தால் கிட்டத்தட்ட அதே வாசனை வரும். வார்னிஷும் மருந்துத் தண்ணீரும் கலந்த வாசனை. அதை நான் படித்த காலத்தில் மொத்தமே சில தடவைதான் முகர்ந்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தால்தானே வாசனை வரும்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். பெயர் வேண்டாம். அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் பத்தாவது படித்தபோது அது கவர்மெண்ட் ஹைஸ்கூல். பத்தாவதோடு சரி. சிமெண்ட் ஷீட் கூரை, மழை பெய்தால் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும். எங்கள் வகுப்புக்கும் ஹெட்மாஸ்டர் அறைக்கும் நடுவில் ஒரு தட்டி. அந்த அறையில்தான் அலமாரி. உள்ளே இரண்டு கண்ணாடிக் குடுவை, ஒரு சின்னத் தராசு, சோதனைக் குழாய் செருகிய மரத்தட்டு, பாட்டிலில் ஊறிக்கொண்டு ஒரு பிராணி. அது பல்லியா ஓணானா என்று எங்களுக்குள் தீராத சண்டை.

மைக்ராஸ்கோப் எங்களிடம் கிடையாது. ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு இருக்கும். முதல் நாள் சாயங்காலம் வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் மறுபடி வேட்டி, மறுபடி சைக்கிள். எங்களிடமிருந்து தராசும் குடுவையும் அதே மாதிரி அவர்கள் ஊருக்குப் போகும். நாத்தனார் கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதுபோல், பள்ளிக்கூடங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டன.

பத்தாவதில் அப்படி ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. சயின்ஸ் டீச்சர், பாவம் நல்லவர், ஆளுக்கொரு குடுவையைக் கொடுத்து, “கையில பிடிச்சிட்டு நில்லுங்கம்மா. எதையும் எதுலயும் ஊத்திடாதீங்க” என்றார். வந்த அதிகாரி கஸ்தூரிக்கு முன்னால் நின்றார்.

“இதுல என்னம்மா இருக்கு?”

“தண்ணி சார்.”

“இதை வச்சு என்ன பண்ணப் போறே?”

“நீங்க போனதும் கீழ ஊத்திடுவேன் சார்.”

அதிகாரி சிரித்துவிட்டார். டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஹெட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அது அவருக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

கஸ்தூரியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் பக்கத்தில் உட்காருகிறவள். வகுப்புப் பதிவில் என் பெயருக்கு முந்தின பெயர் அவளுடையது. அவள் “உள்ளேன் ஐயா” என்றால் அடுத்தது நான். தமிழில் அவள்தான் முதல், சயின்ஸில் என்னைவிட நல்ல மார்க். அவள் அம்மா முனியம்மாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. எங்கள் ஊர்த் தோட்டங்களில் கருக்கலிலேயே முல்லைப் பூவும் காக்கரட்டான் பூவும் பறிப்பது, பிறகு கீரைக்குத் தண்ணீர் கட்டுவது, அதுதான் வேலை. அப்பா இல்லை. சனி ஞாயிறு கஸ்தூரியும் கூடப் போய்ப் பறிப்பாள். திங்கட்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் பூ வாசனை அடிக்கும். எனக்கு அது பெருமையாகக்கூட இருக்கும், என்னவோ நான் பறித்த மாதிரி.

கணக்குதான் எங்களுக்குச் சனியன். எங்கள் கணக்கு வாத்தியார் ஜூன் மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். ஆடி கழிந்து ஒருவர் வந்தார். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் என்று தெரிந்ததும், வந்த வேகத்தில் யாரையோ பிடித்து டவுனுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க யாரும் வரவில்லை. கணக்குப் பீரியடில் பி.டி. மாஸ்டர் வந்து உட்காருவார். வகுப்புக்கே ஒரு நோட்ஸ் புத்தகம். அதைப் பார்த்து ஒருத்தி போர்டில் எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதவேண்டும். “ஏன் சார் இங்க மைனஸ் வருது?” என்று ஒருநாள் கஸ்தூரி கேட்டதற்கு, “புக்ல போட்டிருக்கில்ல, அதான் வருது” என்றார் அவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு விசில் ஊதத்தான் சம்பளம்.

அதே காலத்தில் ஆவடியில் என் சித்தப்பா ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தார். சனிக்கிழமை அப்பா என்னை சைக்கிளில் அங்கே கொண்டுபோய் விடுவார். அங்கே இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்து நான் வாய் பிளந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு டீச்சர். ஆளாளுக்கு மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோல் பார்ப்பார்களாம். நானும் மைக்ராஸ்கோப் பார்த்தவள்தான், வேட்டியில் சுற்றிய மூட்டையாக.

சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு திருநெல்வேலி அக்கா. கணவருக்கு ஃபேக்டரி வேலை, அக்கா பி.எஸ்ஸி. கணக்குப் படித்துவிட்டு வீட்டில் இருந்தார். என் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிறகு, “ஏட்டி, இதெல்லாம் உனக்கு ஒருத்தருமே சொல்லித் தரலியா?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்த இரக்கம் எனக்கு அடி வாங்கினது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து சனி ஞாயிறு எனக்குக் கணக்கு. நான் புத்திசாலி இல்லை. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், சித்தப்பாவுக்கு ஒரு பக்கத்து வீடு இருந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

காலாண்டுப் பரீட்சையில் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் கணக்கில் கோட்டை விட்டார்கள், கஸ்தூரியும்தான். நான் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறினேன். பொதுப் பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் நேரம் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தை பிளஸ் டூ பள்ளிக்கூடமாக்க வேண்டும் என்று ஊரே தவம் கிடந்தது. நியாயமான ஆசைதான். பத்தாவது முடித்த பெண்களை ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ பஸ்ஸில் அனுப்ப யாருக்கும் மனசு வராது, படிப்பு அதோடு நின்றுவிடும். நல்ல ரிசல்ட் காட்டினால் பிளஸ் டூ கிடைக்கும் என்று மேலே யாரோ சொல்லியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். நூற்றுக்கு நூறு வந்தால் நூற்றெட்டுத் தேங்காய். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருகிற மனிதர். சாக்பீஸ் தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்குவார். கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும்.

நூற்றுக்கு நூறு எப்படி வரும்? வாத்தியாரைக் கொண்டுவந்தால் வரலாம். அது அவர் கையில் இல்லை. தேறாத பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து, நீங்கள் தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டாலும் வரும். அது அவர் கையில் இருந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் செய்கிற வழக்கம்தான், யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

பெற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். முனியம்மா கீரைப் பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தாள். பெற்றோர் சங்கத் தலைவராக இருந்த ரைஸ் மில்காரரும் உள்ளே இருந்தார்.

“பரீட்சை ஒண்ணுதாம்மா, கேள்வித்தாளும் ஒண்ணுதான். இங்க எழுதறதுக்குப் பதிலா வேற இடத்துல எழுதப் போறா, அவ்வளவுதான்” என்றார் ஹெட்மாஸ்டர்.

“இன்னா சார் இப்டி சொல்ற. நல்லாதான சார் படிக்குது? தமிழ்ல அதான ஃபஸ்ட்டு?”

“கணக்குல போயிடும்மா.”

“வாத்தியாரே இல்லாங்காட்டி அது இன்னா சார் பண்ணும்?”

மில்காரர் குறுக்கே வந்தார். “ஏ முனிம்மா, கத்தாத. நூத்துக்கு நூறு காட்னாதான் பிளஸ் டூ குடுப்பான். ஊரு பொண்ணுங்கல்லாம் இங்கியே படிக்கும். நாளைக்கி உம் பேத்தியும் படிக்கும்.”

“எம் பொண்ணே படிக்கக் கூடாதுன்றீங்கோ, பேத்தி எங்கேந்து நைனா வரப் போவுது?”

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கஸ்தூரி சிரிக்கவில்லை. பென்சில் முனையை நகத்தால் சீவிக்கொண்டே இருந்தாள்.

ஹெட்மாஸ்டரின் குரல் இறங்கியது. “அம்மா, கஸ்தூரி எப்பவும் நம்ம ஸ்கூல் பொண்ணுதான். அதை யாராலயும் மாத்த முடியாது.”

“அத்த சொல்லு சார். நம்ம ஸ்கூல் பொண்ணுதானே?”

“ஆமாம்மா.”

“பொறவு சரி. நீ படிச்சவரு, பொண்ணுக்குக் கெடுதலா பண்ணப் போற.”

மைப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. முனியம்மா கைநாட்டு.

மறுநாள் வருகைப் பதிவு வாசித்தபோது கஸ்தூரியின் பெயரைத் தாண்டி என் பெயருக்கு வந்துவிட்டார்கள். நான் அவள் குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது? “ஏம்மா, தூக்கமா?” என்று வாத்தியார் கேட்ட பிறகுதான் “உள்ளேன் ஐயா” என்றேன். அந்த மாதம் முழுக்க அப்படித்தான், கொஞ்சம் தாமதமாகவே நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

கஸ்தூரி அம்மாவோடு முழு நேரமும் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவாள். திருநெல்வேலி அக்கா சொல்லிக்கொடுத்ததை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அக்காவிடம் நேராக இருந்த கணக்கு என்னிடம் வரும்போது பாதி கோணலாகிவிடும். அவள் அதிலேயே ஏழெட்டு கேள்வி கேட்பாள், எனக்குப் பதில் தெரியாது. அக்கா வீட்டுக்கு அவளையும் கூட்டிப்போக அவள் அம்மாவிடம் கேட்டேன். சனி ஞாயிறுதான் முகூர்த்தப் பூவுக்கு ஆள் வேண்டிய நாள். முனியம்மாவால் விட முடியவில்லை.

அவளுக்குப் பரீட்சை அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். இரண்டு பஸ் மாறவேண்டும். ஹால் டிக்கெட்டை அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளை எழுதினோம். நான் நடந்து போய் எழுதினேன்.

ரிசல்ட் சாயங்காலப் பேப்பரில் வந்தது. டீக்கடையில் பேப்பர் கிழியாத குறை. என் நம்பர் இருந்தது. கணக்கில் என்ன மார்க் என்று கேட்காதீர்கள், பாஸ் மார்க்குக்கு மேலே விரல் விட்டு எண்ணலாம். எங்கள் பள்ளிக்கூடத்து நம்பர் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கஸ்தூரி தன் நம்பரை வேறு வரிசையில் தேடினாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பிறகு பேப்பரை மடித்து டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, “எங்கம்மா கேட்டா இன்னும் பேப்பர் வர்லன்னு சொல்லு. நானே சொல்லிக்கிறேன்” என்றாள் என்னிடம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். தேங்காய் குவித்து வைத்திருந்தது. மில்காரர் மைக்கைப் பிடித்தார். “நம்ம ஊரு ஸ்கூல்ல எல்லாரும் பாஸ். ஒருத்தர் வுடாம எல்லாரும் பாஸ்.” அவருக்கே அது பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்பீக்கர் தோட்டங்கள் வரை கேட்கும்.

தேங்காய் உடைய ஆரம்பித்தது. பாதி உடைத்திருப்பார்கள். வரப்பில் ஒரு உருவம் ஓடிவருவது தெரிந்தது. முனியம்மா. கணுக்கால் வரை சேறு. இடுப்பில் கூடை, அன்று பறித்த பூ முழுக்க அதில். தோட்டக்காரரிடம் கூலியில் கழித்துக்கொள் என்று சொல்லிவிட்டு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். வந்தவள் கூடையை அம்மன் வாசலில் கவிழ்த்தாள். கர்ப்பகிரகத்துப் படி வெள்ளையாகிவிட்டது. விழுந்து கும்பிட்டு எழுந்து, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

“நல்லா இருப்ப சார். எல்லாரும் பாஸாமே. எம் பொண்ணு சொல்லவே இல்ல பாரு, பேப்பர் வர்லன்னு சொல்லிக்கினு கீது.”

தேங்காய் உடைக்கிற சத்தம் நின்றது. ஹெட்மாஸ்டர் கையில் ஒரு தேங்காய் இருந்தது. அதை உடைக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

கஸ்தூரி எங்களோடுதான் நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முன்னால் போய், “சார், எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்” என்றாள்.

அவர் பூசாரியின் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து முனியம்மாவிடம் நீட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. முனியம்மா அதை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

“இன்னாடி?” என்றாள் மகளிடம்.

“அந்த நூறு இவங்களுக்கும்மா. நான் அதுல இல்ல. கணக்குல போயிடுச்சி.”

“எல்லாரும்னாங்களே. ஒருத்தர் வுடாமன்னாங்களே.”

“அதான்மா. என்னை முன்னயே வுட்டுட்டாங்க.”

மில்காரரின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “முனிம்மா, பூவ வேணா எடுத்துக்கினு போ, வித்துக்கலாம்” என்றாள். முனியம்மா குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தாலி இல்லாத கழுத்தருகே கொண்டுபோய், ஞாபகம் வந்து நிறுத்திக் கொண்டாள். பிறகு, “அம்மனுக்குத்தான குடுத்தேன். இவங்களுக்கா குடுத்தேன். கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, காலிக் கூடையோடு மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவர்கள் வரப்பைத் தாண்டின பிறகு மீதித் தேங்காயை உடைத்தார்கள். வேண்டுதலைப் பாதியில் விடக்கூடாதே.

அந்தத் தேங்காயை அம்மன் ஏற்றுக்கொண்டாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பூவை ஏற்றுக்கொண்டிருப்பாள்.

பிளஸ் டூ வந்தது. உடனே இல்லை, சில வருஷம் கழித்து, கல்வெட்டோடு வந்தது. அதற்கும் கணக்கு வாத்தியார் போடவில்லை. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டு வகுப்பு கிடைத்தது. நான் பத்தாவதோடு நின்றேன், வீட்டில் வரன் பார்த்துவிட்டார்கள். கஸ்தூரி மறுபடி எழுதவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியில் நூல் பிசிறு வெட்டப் போனாள். பரீட்சை எழுத ஏறிய அதே பஸ் என்று சிரிப்பாள்.

ஹெட்மாஸ்டரை ரிட்டயர்டான பிறகு ஒருமுறை பூந்தமல்லிக் கோயிலில் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டார். கொஞ்சம் தயங்கி, “அந்தப் பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கா?” என்றார். “எந்தப் பொண்ணு சார்? நிறையப் பேரை அனுப்பினீங்களே” என்றேன். சாமி சந்நிதியில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்து என் கணவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

முல்லைத் தோட்டம் இப்போது அபார்ட்மெண்ட். கீரைப் பாத்தி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். முனியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கஸ்தூரி எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். பேரப்பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறாள், கவர்மெண்ட் ஸ்கூல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போக வண்டிக்காரரிடம் முழம் போட்டுப் பூ வாங்குகிறோம். பூப் பறித்தவள் அவள், நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, “முழத்துல கை குட்டையா கீதுபா உனக்கு” என்று அவரை வம்புக்கிழுப்பாள்.

போன வாரம் அந்தப் பேனருக்கு முன்னால் என்னோடு நின்றாளே, அப்போது அவள் சொன்னது இதுதான்: “எத்தினி பேர வெளிய அனுப்பிட்டு வந்த நூறோ.” பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், முன்பின் தெரியாதவள், “ஆமாக்கா, எங்க பக்கத்து ஊட்டுப் பையன ஒம்பதாவதுலயே கழட்டி வுட்டாங்க” என்றாள். பூ வண்டிக்காரரும் தலையாட்டினார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை.

நாங்கள் பூவை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கோயிலுக்கு நடந்தோம். அங்கே ஸ்பீக்கரில் யாரோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நின்று கேட்க ஆளில்லை. எல்லாரும் என்றால் அதில் தன் பிள்ளையும் உண்டு என்று நம்பி, காலில் சேறோடு ஒருத்தி ஓடிவந்தாள். அந்த வார்த்தையைக் கேட்டு இந்தப் பக்கத்தில் இனி யாரும் ஓடிவரப் போவதில்லை.